அவர் கணக்கில் அவள் பணம்

பொறாமைப்பட உலகத்தில் ஆளா இல்லை? பக்கத்து வீட்டுக்காரன் இருக்கிறான், பங்காளி இருக்கிறான், கூடவே வேலை பார்த்து நம்மைத் தாண்டிப் போனவன் இருக்கிறான். மேனேஜருக்கு வாய்த்தது என்னவோ சொந்தப் பெண்டாட்டி. பேரன் எடுத்த வயதில், பல் இரண்டு விழுந்த பிறகு, வெளிநாட்டில் மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கூடவே இருந்து தலை நரைத்த மனைவியைப் பார்த்து அந்த மனிதருக்கு வயிறு எரிந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பாஸ்போர்ட்டில் குத்திய ஒரு முத்திரைதான் காரணம்.

அவளுடைய முத்திரையில் 'முதன்மை விண்ணப்பதாரர்' என்று இருந்தது. அவருடையதில் 'சார்ந்திருப்பவர்' என்று இருந்தது. அந்த நாட்டு மொழியில் ஒரு தடவை, அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு தடவை. அந்த நாட்டு மொழி அவருக்குத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒன்றுதான், நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் படித்ததே அவர் தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது.

மேனேஜர் என்றால் சும்மா பேருக்கு மேனேஜர் இல்லை. பெரிய லாரி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து, மேனேஜராக ஓய்வு பெற்றவர். காலையில் அவர் உள்ளே வந்தால் லோடு ஏற்றுகிறவர்கள் பீடியைக் கீழே போட்டு மிதிப்பார்கள். எந்த லாரி எந்தச் சோதனைச் சாவடியில் நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். கத்தை கத்தையாகப் பணம் வந்து போகும். ஒவ்வொரு கத்தையையும் அதற்குரிய ரசீதோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார். வீட்டிலும் அதே ராஜ்யம்தான். மனைவிக்குத் தனிச் சம்பளம் உண்டு என்றாலும் முதல் தேதி மாலையில் அது அவர் கைக்கு வந்துவிடும்.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஊர் பேர் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்துவைக்கிற வேலை. லைன் சரியில்லாத நாளில் இந்தப் பக்கத்துக்காரர் சொல்வதை அந்தப் பக்கத்துக்காரருக்குத் தானே எடுத்துச் சொல்லவும் வேண்டியிருக்கும். சாவுச் செய்தியும் சொல்லியிருக்கிறாள், சம்பந்தம் முடிந்த செய்தியும் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை கூட்ட மாட்டாள், ஒரு வார்த்தை குறைக்க மாட்டாள், குரலும் மாறாது. அந்தத் திறமையை எல்லாம் மேனேஜர் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

அவளுக்கு ஒரே ஒரு குறை, மூச்சு. ஊரில் மழைக்காலம் வந்தால் இளைப்பும் கூடவே வந்துவிடும். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவிடியக் கழிப்பாள். மகன் இந்த நாட்டில் வேலைக்கு வந்தபோது இருவரும் மூன்று மாதம் வந்து தங்கினார்கள். காய்ந்த காற்று, தூசு இல்லாத தெரு. வந்த இரண்டாவது வாரமே அவள் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினாள். மூன்று மாடியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். மகனுக்கு வேறு தேசத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டது. இவர்கள் ஊர் வீட்டை விற்றுவிட்டு, நீண்டகாலம் தங்கும் விசாவுக்கு எழுதிப்போட்டு, இங்கேயே இருந்துவிட்டார்கள். அவளுடைய இன்ஹேலர் கைப்பையின் அடியில் சும்மா கிடந்தது.

விசா என்று சொல்லிவிட்டேன், அது சும்மா கிடைக்குமா? வருடா வருடம் நீட்டிக்க வேண்டும். நீட்டிக்க, அரசாங்கம் சொன்ன தொகை உள்ளூர் வங்கியில், ஒரே ஆளின் பெயரில், விண்ணப்பிப்பதற்கு முன்னால் இரண்டு மாதம் முழுசாக அசையாமல் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள், ஒரு காசு குறைந்தாலும் இரண்டு மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். அதற்குள் பழைய விசா முடிந்துவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

முதல் வருடம் மேனேஜர் கோட்டைவிட்டார். வீடு விற்ற பணத்தைக் கொண்டுபோய், நம்மூர் வழக்கப்படி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கில் போட்டார். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ யார்கிட்டயும் கைகட்டி நிக்கக் கூடாது பாரு" என்று அவளிடம் பெருமை வேறு பேசினார். விசா ஆபீஸில் பாஸ்புக்கைப் பார்த்ததும் மூடித் திருப்பித் தள்ளிவிட்டார்கள். இரண்டு பெயர் இருந்தால் பாதிப் பணம் என்றுதான் கணக்காம். நல்ல வேளை, அவளுடைய ஓய்வுக்காலப் பணம் மொத்தமாக வந்து இங்கத்து வங்கியில் அவள் பெயரிலேயே மூன்று மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி அவள் முதன்மை விண்ணப்பதாரர் ஆனாள். அவர் சார்ந்திருப்பவர் ஆனார். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும்.

அன்றைக்குப் பிடித்தது சனி. வங்கிக்குப் போனால் கவுன்டர் பெண் எழுந்து நின்று அவளை உள்ளே அழைப்பாள். அவருக்கு வாசலருகே பிளாஸ்டிக் நாற்காலி. வருட முடிவில் வங்கி அவளுக்கு ஒரு குடை பரிசளித்தது, மரக் கைப்பிடி வைத்த நல்ல குடை. மழையே பெய்யாத ஊரில் அந்தக் குடையைப் பார்த்துப் பார்த்து அவர் வெந்தார். எக்ஸ்சேஞ்ச் காது அவளுடையது, ஆறு மாதத்தில் உள்ளூர் மொழி நாக்கில் உட்கார்ந்துவிட்டது. காய்கறிக்காரி அவளிடம் குசலம் விசாரித்தாள். கீழ்வீட்டுக் கிழவர் அவளைக் கண்டால் தொப்பியைக் கழற்றினார். மேனேஜரைக் கண்டால் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். அது 'வணக்கம்' என்று நினைத்து அவரும் ரொம்ப நாள் தலையாட்டிக்கொண்டிருந்தார். 'அந்த அம்மாவின் வீட்டுக்காரர்' என்று அர்த்தமாம். தெரிந்த பிறகு தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

மகன் கூட விடவில்லை. போனை இவர் எடுத்தால், "அப்பாவா? நல்லாருக்கீங்களா? அம்மா எங்க?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பான். பதிலுக்குக் காத்திருப்பது மூன்றாவது கேள்விக்கு மட்டும்தான்.

இந்த வருடம் நீட்டிப்புக்கு இரண்டு மாதம் சொச்சம் இருந்தபோது மேனேஜர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"இந்தத் தடவை பணம் என் பேர்ல இருக்கட்டும்."

"ஏங்க, இப்ப நல்லாத்தானே போயிட்டிருக்கு?"

"உனக்கு நல்லாத்தான் போயிட்டிருக்கு. நான் வீட்டை வித்த பணம் எங்கயோ கிடக்குது, உன் பணத்துல நான் ஒண்டிக்கிட்டிருக்கேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவான்."

"இங்க நமக்கு நாலு பேரே கிடையாதே" என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, மாத்திக்கலாம். எனக்கு என்ன, யார் பேர்ல இருந்தாலும் காத்து ஒண்ணுதான்."

அவள் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். தூக்கிக் கொடுத்ததுதான் இன்னும் எரிந்தது. தான் உயிரைக் கொடுத்துக் கேட்பதை அவள் அப்பளத்தைப் போல எடுத்து நீட்டிவிட்டாளே!

அவர் பெயரில் தனிக் கணக்குத் திறந்தார்கள். வீடு விற்ற பணம், அரசாங்கம் கேட்ட தொகை, காசு கூடாமல் குறையாமல் உள்ளே போனது. வங்கிப் பெண் அவருக்கு ஒரு சாதாரண ஏ.டி.எம். அட்டையை எடுத்து வைத்தாள். மேனேஜர் மனைவியின் அட்டையைக் காட்டி, அதைவிடப் பெரியது எது என்று சைகையிலேயே கேட்டார். தங்க நிறத்தில் ஒன்று இருந்தது; பெயரைப் புடைத்த எழுத்தில் பொறித்துக் கொடுப்பார்களாம். அந்தப் பெண் மனைவியிடம் ஏதோ சொன்னாள்.

"அதுக்கு வருஷக் கட்டணம் உண்டாம். கணக்குலருந்து அவங்களே பிடிச்சுப்பாங்களாம்" என்றாள் மனைவி.

"பிடிக்கட்டுமே. நாம என்ன பிச்சைக்காரங்களா?"

மறுநாள் அவள் தன் பென்ஷனிலிருந்து ஒரு சிறு தொகையை அவர் கணக்குக்கு அனுப்பிவைத்தாள். கட்டணம் கிட்டணம் என்று எதைப் பிடித்தாலும் இந்த மேல்தொகையிலிருந்து போகட்டும், அடிப்பணம் அசையாது என்ற எண்ணம். அவள் அதைப் பெரிய காரியமாக நினைக்கவுமில்லை, அவரிடம் சொல்லவுமில்லை.

மேனேஜர் வாரம் ஒருதடவை வங்கிக்குத் தனியாகப் போய், வாசலில் நிற்கும் இயந்திரத்தில் பாஸ்புக்கை அச்சடித்து வருவதை வழக்கமாக்கிக்கொண்டார். கிர்ரென்று புத்தகம் உள்ளே போய் வெளியே வரும் சத்தம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பழையபடி மேனேஜர் ஆகிவிட்டதாக ஒரு நினைப்பு. முதல் வாரம் அச்சடித்தபோது இரண்டு வரி வந்தது. முதல் வரியில் அவருடைய முழுத் தொகை, உருண்டையான எண். இரண்டாவது வரியில் ஒரு பிசாத்துத் தொகை. அதன் பக்கத்தில் அனுப்பியவர் பெயர் என்று ஆங்கிலத்தில் அவளுடைய பெயர். அந்தப் பிசாத்துத் தொகையைச் சேர்த்ததில் கடைசி எண் அழகு கெட்டுப்போயிருந்தது.

நடுத்தெருவில் நின்று அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். இங்கேயும் வந்துவிட்டாள்! இத்தனை வருடத்துக்குப் பிறகு தனக்கென்று ஒரு புத்தகம், அதிலும் இரண்டாவது வரியிலேயே அவள் பெயர். வீட்டுக்கு வந்து கேட்டார்.

"என் கணக்குல எதுக்குப் பணம் போட்ட?"

"பேங்குக்காரங்க ஏதாவது பிடிப்பாங்கங்க. இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"ஓஹோ, எனக்குக் கணக்கு பார்க்கத் தெரியாதுன்னு."

"அதுக்கு இல்லைங்க."

"வேற எதுக்கு?"

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். அவர் பத்து நாள் பொறுத்தார். பொறுத்தார் என்ன பொறுத்தார், உள்ளுக்குள் அரைத்துக்கொண்டே இருந்தார். ஒரு மத்தியானம் தங்க நிற அட்டையை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பிசாத்துத் தொகையை இயந்திரத்தில் எடுத்தார். அட்டைக்கு அதுதான் முதல் போணி. வந்த நோட்டுகளை இயந்திரம் துப்பிய சீட்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, கோட்டின் உள்பையில் வைத்தார். விசா முத்திரை விழுந்த அன்று, அவள் முகத்துக்கு நேரே அதை நீட்டி, 'இந்தா உன் பணம்' என்று சொல்வதாக ஏற்பாடு. ராத்திரி படுக்கையில் அந்த வசனத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்ததும் உண்டு.

பிறகு பாஸ்புக்கை அச்சடித்தார். கடைசி வரியில் மறுபடி அந்த உருண்டையான எண், அவருடையது மட்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி விழுந்து அதைக் கெடுக்க வேண்டாம் என்று, அன்றோடு அச்சடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். உலகத்தில் வேறு எந்த மனிதனாவது இந்தக் காரணத்துக்காக வங்கிக்குப் போகாமல் இருந்திருப்பானா என்று எனக்குச் சந்தேகம்தான்.

விண்ணப்பிக்கிற நாள் வந்தது. பழைய விசாவுக்கு அந்த வாரத்தோடு ஆயுள் முடிந்தது. அன்று காலையில் வங்கியில் புத்தகத்தை அச்சடித்து, சான்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு, நேரே விசா ஆபீஸுக்குப் போக வேண்டும். மேனேஜர் கோட்டு போட்டிருந்தார். வங்கிப் பெண் அன்று அவரை எழுந்து நின்று வரவேற்றாள். மனைவி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதற்காகத்தான் மனிதர் இத்தனையும் செய்தார். நன்றாக அனுபவித்தார்.

அந்தப் பெண் புத்தகத்தை இயந்திரத்தில் விட்டு எடுத்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி, நாற்காலியில் இருந்தவளைக் கூப்பிட்டாள்.

உருண்டையான எண்ணுக்குக் கீழே ஒரு வரி விழுந்திருந்தது. அட்டையின் வருடக் கட்டணம். இரண்டு பேர் ஓட்டலில் மத்தியானம் சாப்பிடும் செலவுகூட இல்லை. ஆனால் அது பிடிக்கப்பட்ட அன்றிலிருந்து இன்றுவரை அவர் கணக்கு அரசாங்கம் கேட்ட தொகைக்குக் கீழேதான் இருந்தது.

மனைவி புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து, வரிவரியாக மேலே போனாள். தன் பெயர் இருந்த வரியில் விரல் நின்றது. அதற்கடுத்த வரியில், தொகை வெளியே எடுக்கப்பட்ட வரியில், இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. கைப்பையைத் திறந்து, அடியில் துழாவி, அந்த இன்ஹேலரை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். காலாவதியாகி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஊருக்குப் போறதுன்னா புதுசு வாங்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரில் அப்போது மழைக்காலம்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த இன்ஹேலரைப் பார்த்ததும் மனிதர், எழுந்து நின்று வரவேற்ற பெண்ணின் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்தான் ஓடியாடி, கட்டணத்தைத் திருப்பிக் கணக்கில் போடவைத்து, இது வாடிக்கையாளர் எடுத்ததல்ல, வங்கி பிடித்தது என்று மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கடிதம் கொடுத்தாள். ஏற்பார்களா மாட்டார்களா என்பது விசா ஆபீஸ் அதிகாரியின் மனசு என்றாளாம். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அதிகாரி ஒரு நடுத்தர வயது அம்மாள். மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனியில் நின்றது. வங்கிக் கடிதத்தைப் படித்துத் தலையசைத்தார். அப்பாடா என்று மேனேஜர் மூச்சு விடுவதற்குள், அதிகாரியின் பேனா இரண்டு வரி மேலே போய்த் தட்டியது. வேகமாக ஏதோ கேட்டார்.

"கட்டணத்தைக்கூட விட்டுடலாமாம்" என்றாள் மனைவி. "வெளியிலருந்து ஒரு பணம் உள்ள வந்திருக்கு, கொஞ்ச நாள்ல ரொக்கமா வெளிய போயிருக்கு, அது ஏன்னு கேக்கறாங்க. இங்க சில பேரு புரோக்கர்கிட்ட பணத்தை வாடகைக்கு எடுத்து கணக்குல வெச்சுக் காட்டறாங்களாம். இதுவும் அந்த மாதிரியோன்னு சந்தேகப்படறாங்க."

"மருந்து செலவுக்கு எடுத்தோம்னு சொல்லு."

"சொல்றேன். ரசீது கேட்டா?"

"அப்ப வாடகை குடுத்தோம்னு சொல்லு."

"வாடகை என் கணக்குலருந்து போகுது. அந்தக் காகிதமும் அவங்க கையிலதான் இருக்கு."

மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். லாரி ஆபீஸில் எத்தனை சோதனை அதிகாரிகளைப் பேசியே வழியனுப்பியவர்! இங்கே பேசுவதற்கும் அவள் வாய்தான் வேண்டியிருந்தது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எதைச் சொன்னாலும் நான் அப்படியே சொல்லிடறேங்க. என் வேலை அது. ஆனா எனக்கும் தெரியணும். ஏன் எடுத்தீங்க?"

அவர் கோட்டின் உள்பையில் கைவிட்டு, ரப்பர் பேண்ட் போட்ட அந்தச் சின்னக் கத்தையை எடுத்து மேஜைமேல் வைத்தார். இயந்திரச் சீட்டு மேலேயே தெரிந்தது. 'இந்தா உன் பணம்' என்ற அந்த வசனம் ஞாபகம் வந்தது. வாயில் வந்தது வேறு.

"பொறாமை" என்றார்.

அவள் அவர் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"என் புஸ்தகத்துல உன் பேர் இருந்தது எனக்குப் பொறுக்கல. எங்க போனாலும் நீதான் முன்னாடி நிக்கிற. பேங்குல நீ, கடையில நீ. பையன் போன் பண்ணா நீ. நான் அங்க எப்படி இருந்தேன்னு இங்க ஒரு நாய்க்கும் தெரியாது. அந்த ஒரு புஸ்தகத்துலயாவது நான் மட்டும் இருக்கணும்னு நினைச்சேன். உன் பணத்தை உன் மூஞ்சிலயே திருப்பிக் குடுக்கணும்னு எடுத்து வெச்சிருந்தேன்."

"இதை அப்படியே சொல்லட்டுமா?"

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையசைத்தார்.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள். எக்ஸ்சேஞ்ச் குரல் அது. சமமாக, தெளிவாக, அவசரமில்லாமல். மேனேஜருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. அவர் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள். நாய் என்று சொன்ன இடத்தில் அதிகாரியின் புருவம் உயர்ந்தது. அதைக்கூட விடவில்லை மகராசி. தன் மனசின் அழுக்கு முழுவதும் அவள் வாயால், அவளைப் பற்றியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் வெளியே போய்க்கொண்டிருப்பதைக் கேட்டபடி அவர் காது சிவக்க உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி கத்தையை எடுத்து, சீட்டிலிருந்த தேதியையும் தொகையையும் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளிடம் ஏதோ கேட்டார். இதை அவள் அவருக்குச் சொல்லவில்லை. தானே பதில் சொன்னாள், கொஞ்சம் நீளமாகவே. சொல்லும்போது ஒருதடவை அவரைக் கையால் காட்டினாள். அதிகாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முத்திரையை எடுத்து இரண்டு பாஸ்போர்ட்டிலும் குத்தினார்.

முதன்மை விண்ணப்பதாரர் மேனேஜர். சார்ந்திருப்பவர் அவர் மனைவி. பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்த்தார். ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது, தெளிவாகத்தான் இருந்தது. பாஸ்போர்ட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசிப் பேச்சு. தன்னை வைத்துக்கொண்டே தனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் என்ன பேசினார்கள்? அவ்வளவு பட்ட பிறகும் மனிதருக்கு அதிலும் பொறாமை.

வீட்டு மாடிப்படியின் கீழே வந்ததும் கேட்டுவிட்டார்.

"அந்தம்மா கடைசியா உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"இப்படிப்பட்ட ஆளோட எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கும் பொறாமை உண்டுன்னு சொன்னேன்."

"உனக்கா? யார் மேல?"

"உங்க மேலதான்" என்றாள். கைப்பிடியில் லேசாகச் சாய்ந்துகொண்டாள். "ஊர்ல மழைக்காலத்துல ராத்திரி முழுக்க நான் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பேன் இல்ல, பக்கத்துல நீங்க குறட்டை விட்டுத் தூங்குவீங்க. அது உங்க தப்பு இல்ல, விடிஞ்சா வேலைக்குப் போகணும். ஆனா நான் அந்த மூச்சையே கேட்டுட்டு இருப்பேன். உள்ள போகும், வெளிய வரும். ஒரு சிரமம் கிடையாது, அதைப் பத்தி உங்களுக்கு ஒரு நினைப்பும் கிடையாது. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அத்தனை வருஷம் நான் பட்ட பொறாமைக்கு முன்னாடி இவர் பட்டது ஒண்ணுமே இல்லம்மான்னு சொன்னேன்."

மேனேஜர் படியில் வைத்த காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"ஒரு நாள் தலகாணியை எடுத்து உங்க மூஞ்சில வெச்சு அமுக்கிடலாமான்னுகூட வந்துச்சு."

"அடிப்பாவி! இதையும் அவங்ககிட்ட சொன்னியா?"

"அதைச் சொல்லல. விசா வேணும்ல?"

சொல்லிவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். அவரும் ஏறினார். முதல் மாடிவரை ஈடுகொடுத்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு இரைத்தது. கோட்டு வேறு புழுங்கியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அவள் நிற்கவில்லை. அடுத்த திருப்பத்தில் மறைந்து மேலே போய்விட்டாள்.

எத்தனை ராத்திரி! பக்கத்தில் ஒருத்தி காற்றுக்குத் தவித்துக்கொண்டு தன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், தான் ஒரு நாளும் அவள் மூச்சைக் கேட்டதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. தன் மூச்சிரைப்பை அடக்கிக்கொண்டு மேலே காதைக் கொடுத்தார்.

"என்னங்க, வரலையா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"வரேன், நீ போ."

சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது. இன்னும் கூர்ந்து கேட்டார். மூச்சு இளைக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.